வயோதிகரைப் பேணுவது யார்?

பெற்றோரை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதா, முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவதா என்ற விவாதம் நமது நாட்டில் ஓயாமல் நடந்து வருகிறது. இதற்குத் தீர்ப்புச் சொல்லாத பட்டிமன்ற நடுவர் இல்லை. வீடே தர்மம், இல்லம் அதர்மம் என்பது ஒரு கட்சி. காலம் மாறிவிட்டது, இல்லத்தில் விடுவதில் தவறில்லை என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் கைதட்டல் வாங்கிக்கொண்டு கலைந்துபோகிறார்கள். சேலம் ஜில்லாவின் கிழக்குக் கோடியில், பச்சைமலையின் அடிவாரப் பிரதேசத்தில் இருக்கும் கெங்கவல்லியிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த விவாதமே வேறு ஏதோ ஒரு தேசத்து விவாதம் போலத் தோன்றுகிறது. இங்கே வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டியவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. இல்லத்தில் விடலாமென்றால் மாதாமாதம் அதற்குப் பணம் கட்டும் சக்தி பெரும்பாலோருக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. நமக்குத் தெரிந்தமட்டில் அதை மேடையில் யாரும் கேட்பதாகக் காணோம்.

காலை பத்து மணிக்குக் கெங்கவல்லியிலோ அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். படிக்காத பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஊரில் தங்கியவர்கள் மரவள்ளிக் காட்டுக்கோ, மக்காச்சோளக் காட்டுக்கோ அந்நேரத்துக்கு முன்பே போயிருப்பார்கள். திண்ணையில் ஒரு கிழவரும், கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவியும் மிச்சம். வீட்டுக்குக் காவல் அவர்கள். அவர்களுக்குக் காவல் தெருவில் போகிற வருகிறவர்கள். கை கால் ஓடுகிற வரையில் இந்த ஏற்பாடு ஒருவாறு நடக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்றோ, விடியற்காலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அன்றோ அது குலைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, உயிருக்கு இனி ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டிய குடும்பம் மனம் கலங்கி நிற்கிறது. அழைத்துப் போய் என்ன செய்வது?

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் நகரில் நடந்த சம்பவத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், உயிர் இருக்கும்போதே பிணம் வைக்கும் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு முழுவதும் வைக்கப்பட்டிருந்தார். மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போக வந்தவர்கள் அவருக்கு மூச்சு இருப்பதைக் கண்டு பதறினார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அவர் சில நாட்களுக்குள் காலமானார். போலீஸ் வழக்கு நடந்தது; பத்திரிகைகள் கொடுமை, கொடுமை என்று எழுதின. கொடுமைதான். ஆனால், கொடுமை என்று சொல்லி முடித்துவிட்டால் நமது கடமையும் முடிந்துவிடுமா? ஆஸ்பத்திரி வாசற்படியைத் தாண்டிய அந்தக் கணத்திலிருந்து அந்த நோயாளியைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்று சட்டத்திலோ, சர்க்கார் ஏற்பாட்டிலோ எழுதப்பட்டிருந்ததா? அதே தெருவுக்கு மறுநாள் ஒரு நர்ஸ் வந்து கதவைத் தட்டியிருந்தால் அந்தப் பெட்டி அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்குமா? 2010ஆம் ஆண்டில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து 'தலைக்கூத்தல்' என்ற வழக்கத்தைப் பற்றிச் செய்திகள் வெளிவந்தபோதும் நாடு இப்படித்தான் ஒரு வாரம் திடுக்கிட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட கிழவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, ஜன்னி கண்டு சாகும்படி விட்டுவிடும் வழக்கம் அது. பிறகு பேச்சு ஓய்ந்துவிட்டது.

பேணுதல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைச் செய்து பார்த்தவர்கள் அல்லர். (நாமும் புருஷ ஜாதியைச் சேர்ந்தவர்களாகையால் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து முழுதும் தப்பமுடியாது.) அசையமுடியாமல் கிடக்கும் உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடவேண்டும், தவறினால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும், வந்த புண் எளிதில் ஆறாது. இரவிலும் புரட்டவேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அதைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜுரம் வரும். விழுங்கத் திணறுகிறவருக்குத் தலையை நிமிர்த்தி, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பக்கவாதம் கண்ட கை கால்களைத் தினமும் நீட்டி மடக்கிப் பழக்கவேண்டும். மறதி நோய் கண்டவரானால், பெற்ற மகளையே யாரென்று கேட்பார். நள்ளிரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவார். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் உண்டு என்று 2023இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. நமது கிராமங்களில் இதற்கு வியாதி என்ற பெயரே இன்னும் கிடைக்கவில்லை. "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்பதோடு சரி.

இத்தனையையும் செய்கிறவர் யார்? மருமகள். அல்லது, கட்டிக் கொடுத்த ஊரிலிருந்து திரும்பி வந்த மகள். அல்லது, தாமே எழுபதை நெருங்கும் மனைவி. காட்டு வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டில் தங்கினால் கூலி போயிற்று. கூலிக்குப் போனால் மாமியார் ஈரத் துணியில் பகல் முழுவதும் கிடக்கவேண்டும். கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பெண்ணின் முதுகின்மேல் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஐந்து மருமகள்மார் முறை போட்டுக்கொண்டு செய்த வேலை அது. இன்று ஒருத்தி செய்கிறாள். நாளை அந்த ஒருத்தியும் இருக்கமாட்டாள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி மாகாணத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் ஆவார்கள் என்று டில்லி சர்க்காரின் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டிருக்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடி கிழவர் மிகுந்த நாடு நமது நாடுதான். கிழவர் பெருகுவது துக்கத்துக்குரிய விஷயமன்று. பிரசவ மரணமும் காலராவும் பஞ்சமும் குறைந்ததன் பலன் அது. பலனைப் பெற்றுக்கொண்டோம், அதற்குரிய ஏற்பாட்டைச் செய்ய மறந்தோம்.

இப்போது என்னென்ன வழிகள் உண்டு என்று பார்ப்போம். முதலாவது, பண உதவி. 1962ஆம் ஆண்டில், காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, ஆதரவற்ற வயோதிகருக்கு மாதம் இருபது ரூபாய் உதவித் தொகை கொடுக்கும் திட்டத்தைச் சென்னை சர்க்கார் ஏற்படுத்தினார்கள். அந்நாளில் அது துணிச்சலான காரியம். அந்தத் தொகை படிப்படியாக உயர்ந்து 2023இல் 1,200 ரூபாயாயிற்று. இதில் டில்லியின் பங்கு, எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு 200 ரூபாய், அதற்கு மேற்பட்டவருக்கு 500 ரூபாய் என்ற அளவில் பத்தாண்டுகளுக்கு மேல் நகராமல் நின்றுவிட்டது. 2025-26ஆம் வருஷத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக் கூலி 336 ரூபாய். ஆகவே ஒரு மாத உதவித் தொகை நான்கு நாள் கூலிக்கும் காணாது. அரிசிக்கும் மாத்திரைக்கும் அது உதவும். புரட்டிப் போட ஓர் ஆளை அமர்த்த உதவாது. 2024 அக்டோபரில், எழுபது வயது கடந்த எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் செலவு தரும் திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கினார்கள். நல்லதே. ஆனால் அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான். எலும்பை ஒட்டவைக்கப் பணம் உண்டு. ஒட்டவைத்த பிறகு ஆறு மாதம் வீட்டில் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்கப் பணம் இல்லை.

இரண்டாவது, சட்டம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் ஜீவனாம்ச நலச் சட்டத்தைப் பற்றி நாம் தொழில் முறையிலும் சிறிது அறிவோம். கெங்கவல்லி தாலுகாக்காரர்கள் ஆத்தூரில் உள்ள கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம், அவர்தான் டிரிபியூனல். தொண்ணூறு நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் விதிக்கலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன் பேத்திகளும் பொறுப்பாளிகள். பிள்ளை இல்லாதவருக்கு, அவர் சொத்து யாருக்கு வந்து சேருமோ அவர் பொறுப்பாளி. வக்கீல்கள் வந்து வாதாடக்கூடாது என்று அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. பிற்காலத்தில் சில ஹைகோர்ட்டுகள் இதை வேறு விதமாகக் கருதினாலும், பிரிவை எழுதியவரின் மனோபாவம் நமக்கு நன்றாகப் புரிகிறது, வருத்தமில்லை.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது பணத்தை வாங்கிக் கொடுக்குமே தவிரப் பராமரிப்பை வாங்கிக் கொடுக்காது. மகன்மேல் உத்தரவு போடும். வேலையைச் செய்கிற மருமகளின் பெயர் அதில் கிடையாது. மருமகனையும் மருமகளையும் பொறுப்பாளிகளாகச் சேர்ப்பதற்கு 2019இல் பார்லிமெண்டில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். பகல் நேரக் காப்பகங்களையும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஸ்தாபனங்களையும் ஒழுங்குபடுத்தும் விதிகளும், பத்தாயிரம் ரூபாய் வரம்பை நீக்கும் விதியும் அந்த மசோதாவில் இருந்தன. அது நிறைவேறாமலே 2024இல் பழைய லோக் சபை முடிந்ததோடு காலாவதியாயிற்று. மருமகளுக்குக் கடமையைச் சேர்க்க நினைத்தவர்கள் கூலியைச் சேர்க்க நினைக்கவில்லை என்பது நமது ஆட்சேபணை. எனினும், மசோதாவின் பிற்பகுதி காலாவதியானது நஷ்டமே.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கொஞ்சம் நிலமோ வீடோ உள்ள வயோதிகர் பலர், "எல்லாம் என் பிள்ளைக்குத்தானே" என்று தான செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்துவிடுகிறார்கள். பத்திரத்தில், அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுத்தேன், இன்று முதல் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று பத்திர எழுத்தர் வழக்கம்போல் எழுதுகிறார். கையெழுத்தும் ரேகையும் ஆகிவிடுகின்றன. பிறகு சோறு நின்றால், அந்த மனிதர் எதை வைத்துக் கேட்பார்? 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதற்குப் பரிகாரம் வைத்திருக்கிறது: பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் அந்தத் தானத்தை டிரிபியூனல் ரத்து செய்யலாம். ஆனால் நிபந்தனை இருந்தது என்று காட்டவேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு வேறொரு வழக்கில், இது வயோதிகரைக் காக்கப் பிறந்த சட்டம், அதைத் தாராளமாகவே பொருள்கொள்ளவேண்டும் என்று கூறி, தாய் ஒருத்தி கொடுத்த தானத்தை ரத்து செய்தது சரியென்று தீர்த்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் கிடந்து தவிப்பானேன்? தானப் பத்திரம் எழுதுகிறவர், தமது உணவு, உடை, உறைவிடம், வைத்தியம், படுக்கையில் விழுந்தால் பணிவிடை ஆகியவற்றை ஆயுள் பரியந்தம் செய்யவேண்டும் என்ற நிபந்தனையை ஸ்பஷ்டமாக எழுதச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் தாம் ஜீவித்திருக்கும் வரையில் குடியிருக்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட உத்தமம், தானம் எழுதாமல் உயில் எழுதுவது. உயிலை நினைத்தபோது மாற்றலாம். இந்த ஒரு நினைப்பே பல பிள்ளைகளின் பக்தியைக் குறையாமல் வைத்திருக்கும். இப்படி எழுதச் சொல்வது பிள்ளைமேல் அவநம்பிக்கை என்று சிலர் வருந்துகிறார்கள். சம்பந்தம் பேசும்போது நகைக் கணக்கு எழுதிக்கொள்ளும் சமூகத்துக்கு இந்த விஷயத்தில் மட்டும் இத்தனை கூச்சம் வருவது ஆச்சரியமே.

மூன்றாவது, முதியோர் இல்லங்கள். சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றாகத் தொடங்கி, ஏழை முதியோர் நூற்றைம்பது பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாகாண சர்க்கார் ஏற்படுத்தலாம் என்கிறது. "லாம்" என்பதைக் கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஜில்லாதோறும் எத்தனை இல்லங்கள் உண்டு என்று கணக்குத் திரட்டும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. சட்டம் பிறந்து பதினொரு வருஷத்துக்குப் பிறகு கணக்கே கேட்டு வாங்கவேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 2011இல் ஏறக்குறைய முப்பத்தைந்து லட்சம். மாகாண விகிதத்தை வைத்துப் பார்த்தால் அன்றே மூன்றரை லட்சம் வயோதிகர். இவர்களுக்கு நூற்றைம்பது படுக்கை! தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் இல்லங்கள் உண்டு. அவற்றில் பல, எழுந்து நடக்கிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்கின்றன. பணம் வாங்கும் விடுதிகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெருகியிருக்கின்றன. அவை பென்ஷன்காரர்களுக்கும், அமெரிக்காவில் பிள்ளை உள்ளவர்களுக்கும் ஏற்பட்டவை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு, 2018இல் காஞ்சீபுரம் ஜில்லாவில் ஓர் இல்லத்தைப் பற்றிப் புகார் கிளம்பி, அங்கிருந்த வயோதிகர்களை அதிகாரிகள் வேறிடங்களுக்கு மாற்றவேண்டி வந்ததை நினைவூட்டினால் போதும். இல்லம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒருவரும் இல்லாதவருக்கு அது வேண்டும், நல்லதாக வேண்டும். ஆனால் கெங்கவல்லியில் பிறந்து வளர்ந்த ஒருவரைச் சேலத்தில் ஒரு கூடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால், அவரை வந்து பார்க்க யார் வருவார்கள்?

இனி, வீட்டுக்கே வரும் வைத்தியம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உண்மையிலேயே புது வழி திறந்தது. ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கு வந்தது. அதோடு, படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் சிகிச்சையும், பிஸியோதெரபிப் பயிற்சியும் வீட்டிலேயே கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. கட்சி பேதம் பாராமல் இதைப் பாராட்டுகிறோம். குறை என்னவென்றால், மாத்திரை கொடுக்கும் பெண் ஊர்தோறும் இருக்கிறார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியாளரும் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றிவரவேண்டியிருக்கிறது. தினமும் இரண்டு மணிக்கொரு தரம் தேவைப்படும் காரியத்துக்கு எப்போதோ ஒரு நாள் வரும் மனிதர் எப்படிப் போதும்? இந்தியாவிலேயே முதல் முதலாக முதியோருக்குத் தனி வைத்தியப் பிரிவு சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1978இல் டாக்டர் வி. எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் இருநூறு படுக்கை கொண்ட தேசிய முதியோர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. சென்னைக்கு இவை பெருமை. கெங்கவல்லிக்கும் கிண்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டார் இதை எப்படிச் சமாளித்தார்கள்? ஜெர்மனியில் 1995இல் முதுமைப் பராமரிப்புக்கென்றே ஒரு கட்டாய இன்ஷ்யூரன்ஸை ஏற்படுத்தினார்கள். அங்கே நோயாளி ஆளை அமர்த்திக்கொள்ளலாம், அல்லது ரொக்கமாக வாங்கித் தம்மைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ கொடுக்கலாம். ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் தாங்களும் அப்படியே ஓர் இன்ஷ்யூரன்ஸ் தொடங்கினார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டவேண்டும். ஆனால் ரொக்கம் கிடையாது. ஆளும், பகல் காப்பகமும், கருவிகளும்தான் கிடைக்கும். காரணம் கேட்டால் நமது ஸ்திரீகள் திகைப்பார்கள். காசு கொடுத்தால் அந்தக் காசைக் காட்டியே மருமகளைப் படுக்கையோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ஜப்பானியப் பெண்கள் சங்கங்கள் எதிர்த்தன. எந்த வழி சிறந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்கு ஜெர்மன் பணமும் இல்லை, ஜப்பானியப் பணமும் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டைப் பார்ப்பதே மேல்.

பக்கத்து வீடு கேரளம். 1993இல் கோழிக்கோடு மெடிகல் காலேஜில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி தணிக்கும் சிகிச்சைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது: நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரமுடியாது; டாக்டர்கள் எல்லா வீட்டுக்கும் போகமுடியாது. ஆகவே மலப்புரம் ஜில்லாவில் ஊர்க்காரர்களையே பழக்கினார்கள். ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், மாணவர் எல்லோரும் வாரத்தில் சில மணி நேரம் தந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வண்டியில் வீடு வீடாகப் போனார். சில்லறைக் காசாகத் திரட்டிய நிதியில் மருந்து வாங்கினார்கள். 2008இல் கேரள சர்க்கார் இதையே தங்கள் கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துகள் தங்கள் நிதியில் வீட்டு நர்ஸை வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். மலப்புரம் பணக்கார ஜில்லா என்று சிலர் சொல்லக்கூடும். அரபு நாட்டுப் பணம் அங்கே வருவது மெய்யே. ஆனால் காரியம் தொடங்கியது பெரும் பணத்தினால் அன்று. பஞ்சாயத்தின் கையில் அதிகாரமும் நிதியும் இருந்ததனால்தான் அது நிலைத்தது. நமது பேரூராட்சிகள் ஒரு நர்ஸை நியமிக்க எத்தனை இலாகாக்களின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டும் என்பதை இங்கே யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய மாளிகையன்று. 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தமிழ்நாட்டு சர்க்கார் 'அன்புச்சோலை' என்ற பெயரில் இருபத்தைந்து பகல் நேர முதியோர் மையங்களை அறிவித்தார்கள். யோசனை மிகச் சரியானது. ஆனால் நகரங்களை மனத்தில் வைத்துப் பிறந்தது. அதில் ஒன்று கெங்கவல்லி போன்ற தாலுகா ஊருக்கு வரட்டும். பேரூராட்சிக்குச் சொந்தமான கட்டிடம் ஒன்று, தரை வழுக்காத குளியலறை, கைப்பிடி வைத்த கழிப்பறை, காலையில் அழைத்துவந்து மாலையில் கொண்டுவிட ஒரு வேன்; சோற்றுக்கு அடுப்புப் புதிதாக மூட்டவேண்டியதில்லை, உதவித் தொகை பெறும் முதியோருக்குச் சத்துணவுக் கூடத்தில் மதிய உணவு உண்டு என்ற விதி பல்லாண்டுகளாகவே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மாமியாரை அங்கே விட்டுவிட்டு மருமகள் காட்டுக்குப் போகட்டும். அதுவே அவளுக்கு ஒரு நாள் கூலி; மாமியாருக்கு ஒரு நாள் பேச்சுத் துணை.

மையத்துக்கு வரமுடியாதபடி படுத்துவிட்டவர்களுக்கு, தாலுகாவில் மூன்று நான்கு ஊருக்கு ஒருவராவது, பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்து பொறுக்கி, மாதச் சம்பளத்துக்கு நியமிக்கவேண்டும். ஊக்கத் தொகை என்ற பெயரில் சில்லறை கொடுத்து வேலை வாங்கும் வழக்கத்தை இதிலும் புகுத்தவேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி, மலஜலம் கழிக்கும் நாற்காலி, நான்குகால் ஊன்றுகோல் இவற்றைச் சேர்த்துவைத்து, வேண்டியவருக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். ஒரு வீட்டில் கிழவர் போய்விட்டால் அவர் படுத்திருந்த மெத்தை பரண்மேல் ஏறிவிடுகிறது. அடுத்த தெருவில் மற்றொருவர் பாயில் கிடந்து புண்ணாகிறார். இதற்குப் பட்ஜெட்டும் வேண்டாம், மந்திரி சபைத் தீர்மானமும் வேண்டாம். ஊரில் நாலு பேர் கூடினால் இந்த மாதமே செய்யலாம்.

கடைசியாக ஆத்தூர் கோட்டாட்சியருக்கு ஒரு வேண்டுகோள். ஜீவனாம்ச மனுக் கொடுக்கும் வயோதிகர் நடக்கமுடியாதவராகத்தான் இருப்பார். அவர் பஸ் ஏறி ஆத்தூருக்கு வந்து, வாய்தா வாங்கிக்கொண்டு, மறுபடியும் பஸ் ஏறுவது நியாயமன்று. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் டிரிபியூனலைக் கெங்கவல்லி தாலுகா ஆபீஸிலேயே, வாசலோடு ஒட்டிய, படி ஏறவேண்டாத ஓர் அறையில் நடத்தலாம். மனுவைத் தாமே எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க ஒரு குமாஸ்தாவும், 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பலகையும் அங்கே இருக்கவேண்டும். தேதியை முன்கூட்டி அறிவித்தால் நமது பத்திரிகையில் மாதந்தோறும் கட்டணமின்றி வெளியிடச் சித்தமாக இருக்கிறோம்.